மூன்று மில்லிமீட்டரும் முப்பது சதவீதத் திருப்தியும்

ஆண்குறியை நிரந்தரமாகப் பெரிதாக்கும் என்று விற்கப்படும் கருவிகளில் அடிக்கடி கண்ணில் படுவது வெற்றிட பம்ப். ஒரு பிளாஸ்டிக் குழாய், காற்றை உறிஞ்ச ஒரு பம்ப், அடியில் மாட்ட இறுக்கமான ஒரு வளையம், அவ்வளவுதான். இதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடவும் முடியாது. கருவி நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் விளம்பரம் சொல்லும் வேலையை அல்ல.

குழாய்க்குள் காற்று குறைந்ததும் அழுத்தம் இறங்குகிறது. ஆண்குறியின் உள்ளே நீளவாக்கில் ஓடும் பஞ்சு போன்ற இரண்டு திசுத் தண்டுகளுக்குள் இரத்தம் இழுக்கப்படுகிறது. வளையம் அதைத் திரும்பிப் போகாமல் பிடித்துவைக்கிறது. விறைப்புக் குறைபாட்டுக்கு மருத்துவர்களே இதைப் பரிந்துரைப்பதுண்டு. ஓட்டோ லெடரர் என்பவர் 1917-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஒரு எச்சரிக்கை மட்டும்: வளையம் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் திசு கெடும்.

பம்பைக் கழற்றிய கையோடு பார்த்தால் பெரிதாகத்தான் தெரியும். அதில் ஒரு பங்கு, தோலுக்கடியில் கோத்துக்கொண்ட நீர். கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். படம் எடுக்க மட்டும் அந்தக் கொஞ்ச நேரம் போதும். தண்டுகளைச் சுற்றியிருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரத உறைதான் எவ்வளவு விரியலாம் என்று வரம்பு கட்டுகிறது. இரத்தம் நிரம்பி வடிவதால் அந்த உறை வளர்வதில்லை.

2006-ல் ஈரானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் பம்ப் பயன்படுத்தியவர்களின் சராசரி நீளம் 7.6 செ.மீ.யிலிருந்து 7.9 ஆனது. மூன்று மில்லிமீட்டர்! புள்ளியியல்படி அது கணக்கிலேயே வராது. ஆனாலும் சுமார் 30 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள். வாடிக்கையாளர் மதிப்புரைகளைப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது இந்த முப்பது சதவீதம்தான்.

ஆண்குறியை இழுத்துப் பிடித்துவைக்கும் இழுவைக் கருவிகளின் கதை கொஞ்சம் வேறு. ஆண்குறி வளையும் பெய்ரோனி நோய்க்கான சிகிச்சையில் அவற்றுக்கு இடம் உண்டு. நீளமும் சிறிது கூடியதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் தினமும் மணிக்கணக்கில், மாதக்கணக்கில் மாட்டியிருக்க வேண்டும்.

சரி, விளம்பரங்கள் காட்டும் 'முன்–பின்' அளவுகளை என்ன செய்வது? அளவுகோலை எங்கே வைத்தார்கள் என்று கேளுங்கள். அடிவயிற்றில் கொழுப்பு உள்ள ஒருவரை முதலில் தோல்மட்டத்திலும், அடுத்த முறை இடுப்பெலும்பு வரை அழுத்தியும் அளந்தால், எந்தக் கருவியும் இல்லாமலே நீளம் கூடிவிடும்.