பெரியம்மா வாங்கிய பி2 மாத்திரை

போன மாதம் சிங்கப்பூர் ஈசூனில் பெரியம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மேசையில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் புது மாத்திரை டப்பா ஒன்று. வைட்டமின் பி2. "நீதானேப்பா சொன்னே, உன் செல்லுக்கெல்லாம் பி2தான் சாப்பாடுன்னு!" என்றார்.

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் தீபாவளியன்று, என்ன வேலை பார்க்கிறாய் என்று யாரோ கேட்டபோது, "பி2வைத் தேடிப் போகிற செல்களை ஆராய்கிறேன்" என்று முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னது உண்மை. தப்பு என் மேல்தான். முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

இரத்தத்தில் டி செல்கள் என்று ஒரு வகை நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கிருமியின் புரதத் துணுக்கைப் பார்த்து அடையாளம் காண்பவை. அந்தத் துணுக்கை ஏந்திக் காட்டும் எச்எல்ஏ மூலக்கூறு ஆளுக்கு ஆள் மாறும். சிறுநீரக மாற்றுக்குப் பொருத்தம் பார்க்கும்போது இதையும்தான் பார்க்கிறார்கள். இந்த வழக்கத்தில் சேராத டி செல்களும் உண்டு. என்கேடி செல்கள் கொழுப்பு வகைப் பொருள்களைப் பார்க்கும் (அவற்றைத் தூண்டும் பொருள் முதலில் ஓகினாவா கடற்பஞ்சிலிருந்து கிடைத்தது, அது தனிக் கதை). காமா டெல்டா செல்கள் இன்னொரு கூட்டம். என் பிழைப்பு மூன்றாவது கூட்டமான மெய்ட் செல்களோடு. பெரியவர்களின் இரத்தத்தில் உள்ள டி செல்களில் பொதுவாக 1 முதல் 10 சதவீதம் இவைதான். கல்லீரலில் இன்னும் அதிகம்.

இவற்றுக்குக் காட்டிக்கொடுப்பது எம்ஆர்1 என்ற மூலக்கூறு. அது எல்லா மனிதர்களிடமும் கிட்டத்தட்ட ஒன்றேதான். அது எதை ஏந்திக் காட்டுகிறது என்பது வெகுநாள் புதிராக இருந்தது. 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். அவர்கள் கையில் முதலில் சிக்கியது, செல் வளர்க்கும் திரவத்தில் இருந்த ஃபோலிக் அமிலம் சிதைந்து உண்டான பொருள். அது எம்ஆர்1இல் போய் ஒட்டியதே தவிர, மெய்ட் செல்லைத் தூண்டவில்லை. செல்லை எழுப்பியது, பாக்டீரியா பி2 தயாரிக்கும்போது நடுவழியில் பிறக்கும் பொருள்.

இங்கேதான் பெரியம்மாவுக்குக் குழப்பம். அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நடக்கும்போது தாளிக்கிற வாசனை வந்தால், யாரோ சமைக்கிறார்கள் என்று தெரியும். கட்டி வாங்கி வந்த குழம்பில் அந்த வாசனை வராது. மெய்ட் செல்லுக்குத் தாளிப்பு வாசனைதான் கணக்கு. மனித உடம்புக்கு பி2 தயாரிக்கத் தெரியாது. அரைகுறையாக வெந்த பி2 உள்ளே இருக்கிறதென்றால் அங்கே ஏதோ நுண்ணுயிர் அடுப்பு மூட்டியிருக்கிறது என்று அர்த்தம். மாத்திரையோ கட்டி வாங்கி வந்த குழம்பு. அதை மெய்ட் செல் திரும்பிக்கூடப் பார்க்காது. மிஞ்சிய பி2வை உடம்பு மஞ்சளாகச் சிறுநீரில் கழித்துவிடும். குறைபாடு இருக்கிறதென்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம், நிறுத்தாதீர்கள்.

அந்த நடுவழிப் பொருளையே மாத்திரையாக்கலாமே என்று கேட்பீர்கள். தண்ணீரில் கலந்தால் உடம்புச் சூட்டில் சில மணி நேரம்கூடத் தாங்காமல் சிதைகிற பொருள் அது.

இரத்தத்திலிருந்து இந்தச் செல்களைப் பிரிப்பதும் பொறுமைக்குச் சோதனைதான். குழாயின் அடியில் ஃபிகால் என்ற கனமான தெளிந்த திரவம். அதன் மேல், சுவரை ஒட்டி, நீர்த்த இரத்தத்தைக் கலங்காமல் வழியவிட வேண்டும். பிறகு சென்ட்ரிஃபியூஜ் என்ற இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்ற வேண்டும், நிறுத்தும்போது பிரேக் போடாமல். பிரேக் போட்டால் அடுக்குகள் கலங்கிவிடும். நின்றதும் மேலே மஞ்சள் பிளாஸ்மா, அடியில் சிவப்பு, நடுவில் புகைபோல மெல்லிய வெள்ளை வளையம். அந்த வளையத்தில்தான் நாங்கள் தேடுகிறவை கிடைக்கும். புதிதாக வந்த பிள்ளைகள் முதல் வாரம் இதைக் கலக்கிவிட்டு முழிப்பார்கள். நானும் முழித்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளில் மெய்ட் செல்கள் கிட்டத்தட்ட இருக்காது. பிறந்த சில வாரங்களில் நுண்ணுயிர்களோடு பழகினால்தான் அவை பெருகுகின்றன என்று 2019இல் வந்த ஆய்வுகள் காட்டின. எலிக்குச் சொன்னதை அப்படியே மனிதனுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரணச் சளிக்கு, போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கை அலமாரியிலிருந்து எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சளி வைரஸால் வருவது, அந்த மருந்து அதைத் தொடாது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குத்தான் அடி.

அப்புறம், "எதிர்ப்புச் செல் ஊசி" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரங்கள். எம்ஆர்1 எல்லோரிடமும் ஒன்றுபோல் இருப்பதால், ஒருவரின் மெய்ட் செல்லை இன்னொருவர் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாமா என்று ஆராய்வது நிஜம். ஆனால் அது இன்னும் ஆராய்ச்சிதான். சிங்கப்பூரில் செல் சிகிச்சைப் பொருள்களுக்கென்று 2021 மார்ச் முதல் சுகாதார அறிவியல் ஆணையத்தின் தனி விதிமுறை இருக்கிறது. காசு கட்டுவதற்கு முன்னால், இது பதிவானதா என்று கேளுங்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு பெரியம்மா, டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வானா என்றார். "மூடியைத் திறந்துட்டீங்களா?" என்றேன். நாலு மாத்திரை குறைந்திருந்தது.