ஆம்ப்ளிஃபையர்: ஒலிபெருக்கியா, மிகைப்பியா, பெருக்கியா?

ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால், பலரும் உடனே சொல்லும் பதில் 'ஒலிபெருக்கி'. அகராதியைப் புரட்டினால் அதே சொல் லவுட்ஸ்பீக்கருக்கு எதிரே நிற்கும். சொல்லின் பொருளை மட்டும் பார்த்தால் அது ஆம்ப்ளிஃபையருக்குத்தான் போயிருக்க வேண்டும். வழக்கு அதை ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டது. மைக், ஆம்ப்ளிஃபையர், கூம்பு மூன்றும் சேர்ந்த அமைப்பு முழுவதையும் ஒரே பெயரால் அழைத்து, பிறகு கண்ணுக்குத் தெரிந்த கூம்போடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். சரி, ஊன்றிப்போன சொல்லைப் பிடுங்க வேண்டாம்; ஸ்பீக்கர் ஒலிபெருக்கியாகவே இருக்கட்டும். அப்படியானால் நடுவில் இருக்கும் பெட்டிக்கு என்ன பெயர்?

முதலில் வேர். லத்தீனில் 'ஆம்ப்ளுஸ்' என்றால் அகன்ற, பெரிய என்று பொருள். 'ஃபாக்கெரே' என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்தது 'ஆம்ப்ளிஃபிகாரே', அதாவது பெரிதாக்குதல். மின்சாரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஆங்கிலத்தில் இந்தச் சொல் இருந்தது. ஒரு கருத்தை விரித்துச் சொல்வதை அப்படிக் குறித்தார்கள். அலையின் வீச்சைச் சொல்லும் 'ஆம்ப்ளிடியூட்' இதே வேரிலிருந்து வந்ததுதான். பேச்சில் 'ஆம்ப்' என்று சுருக்கும்போது மின்னோட்ட அலகான ஆம்பியரோடு குழம்ப வாய்ப்புண்டு. ஆம்பியர் என்பது ஆந்த்ரே-மரி ஆம்பியர் என்ற பிரெஞ்சு அறிவியலாளரின் பெயர். இரண்டு சொற்களுக்கும் உறவே கிடையாது.

இந்தப் பெட்டியின் மூதாதை, 1906இல் அமெரிக்கர் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய 'ஆடியான்' என்ற வெற்றிடக் குழாய். அதைக் கொண்டு சமிக்ஞையைப் பெருக்கலாம் என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் தெளிவாகப் புரிந்தது. பெரிய அளவில் அது முதலில் உதவியது தொலைபேசிக்கு. 1915இல் நியூயார்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைத்த தொலைபேசித் தடத்தில், வழியில் நலிந்துபோகும் குரலை இந்தக் குழாய்கள் தூக்கிவிட்டன. பிரிட்டனில் இவ்வகைக் குழாயை 'வால்வு' என்றார்கள். வால்வைத் திருப்பும் விரல் தண்ணீரைத் தள்ளுவதில்லை, தொட்டியில் காத்திருக்கும் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. ஆம்ப்ளிஃபையரிலும் அதுதான் நடக்கிறது. உள்ளே வரும் சிறிய சமிக்ஞை ஊதிப் பெரிதாவதில்லை; மின்வழங்கியிலிருந்து வரும் பெரிய மின்னோட்டத்தைத் தன் வடிவத்துக்கு ஏற்ப அது கூட்டிக் குறைக்கிறது. ஸ்பீக்கருக்குப் போவது அதன் பெரிய பிரதி. 1947இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், குழாயின் இடத்தைப் பிடித்த பிறகும் இந்த அடிப்படை மாறவில்லை.

ஆக, அந்தப் பெட்டிக்குள் ஒலி என்ற ஒன்றே கிடையாது. நுழைவதும் மின்னழுத்தம், வெளியேறுவதும் மின்னழுத்தம். 'ஒலிபெருக்கி' என்ற பெயர் கைவிட்டுப் போனதில் அதற்கு இழப்பு எதுவும் இல்லை.

மிச்சம் இருப்பவை மூன்று சொற்கள். இலங்கைப் பாடநூல்களில் 'விரியலாக்கி'. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'பெருக்கி'. கலைச்சொல் பட்டியல்களிலும் இணையத்திலும் 'மிகைப்பி'யைப் பார்க்கலாம்.

விரியலாக்கி, அகன்றது என்ற லத்தீன் பொருளுக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் ஒலித் துறையில் விரிப்பது வேறொரு கருவியின் வேலை. மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியை அகலமாக்கும் 'எக்ஸ்பாண்டர்' என்று ஒன்று உண்டு. நல்ல ஆம்ப்ளிஃபையர் அந்த இடைவெளியைத் தொடவே கூடாது. மிகைப்பி பார்க்க அழகான சொல். என்றாலும், 'மிகை' என்றதும் தமிழில் தேவைக்கு மேற்பட்டது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 'மிகைப்படுத்துதல்' என்றால் இல்லாததைச் சேர்த்துச் சொல்வது. வந்ததை வந்தபடியே தர வேண்டிய கருவிக்கு இதைவிடப் பொருந்தாத பெயர் அமைவது கடினம்.

என் தேர்வு பெருக்கி. காரணம், இந்தக் கருவி செய்வது உண்மையிலேயே கணக்குப் பெருக்கல். வரும் மின்னழுத்தத்தை ஒரு மாறாத எண்ணால் பெருக்கி வெளியே தருகிறது. வீட்டுப் பெருக்கிகளின் இறுதிக் கட்டத்தில் அந்த எண் பெரும்பாலும் 20, 30 என்ற அளவில் இருக்கும். பெரிதாக்குதல், எண்ணால் பெருக்குதல் இரண்டையும் ஒரே வினையில் வைத்திருக்கும் வசதி லத்தீன் வேருக்கு இல்லை. எண்களைப் பெருக்கும் மின்சுற்றையும் பெருக்கி என்பார்களே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் இடம் பார்த்தால் விளங்கிவிடும்.

முகப்பில் உள்ள பெரிய வால்யூம் குமிழ் எதையும் பெருக்குவதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சிடி பிளேயர் உச்சத்தில் சுமார் 2 வோல்ட் தருகிறது. அதை அப்படியே 20 மடங்காக்கினால் 40 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 200 வாட். 20 வாட் பெருக்கிக்கோ 13 வோல்ட்டுக்குள் எல்லை வந்துவிடும். ஆகவே அந்தக் குமிழ் பெருக்கத்துக்கு முன்பே சமிக்ஞையைக் குறைத்து அனுப்புகிறது. குமிழை முழுக்கத் திருப்பும் முன்பே ஒலி கரகரக்கத் தொடங்குவதும் இதனால்தான். எல்லை தாண்டிய அலையின் முகடு தட்டையாக வெட்டுப்படுகிறது. துறையில் இதற்குப் பெயர் 'கிளிப்பிங்'. 'முகடு வெட்டு' என்று சொன்னால் புரியும். ஸ்பீக்கருக்குள் உயர்சுருதி ஒலிகளைத் தரும் ட்வீட்டர்கள் எரிந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

'ஹை-ஃபை'க்கு வருவோம். 'ஹை ஃபிடெலிட்டி' என்பதன் சுருக்கம் அது. ஃபிடெலிட்டியின் வேர் லத்தீன் 'ஃபிதேஸ்', அதாவது நம்பிக்கை, விசுவாசம். இதைப் பார்த்து 'உயர் நம்பகத்தன்மை' என்று மொழிபெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. தமிழில் ஒரு கருவிக்கு நம்பகத்தன்மை உண்டு என்றால் அது பழுதாகாமல் உழைக்கும் என்றே பொருள்படும். ஹை-ஃபை சொல்ல வருவது வேறு: பதிவில் இருப்பதற்கு உண்மையாக இருத்தல். 'மெய்யொலி' என்பது எனக்குப் பிடித்த சொல். 'வைஃபை'யில் வரும் 'ஃபை'க்கு இந்தப் பொருளெல்லாம் கிடையாது. ஹை-ஃபையின் ஓசையைப் பின்பற்றி அமைத்த வணிகப் பெயர் அது.

மெய்யொலியைப் பெருக்கியின் மொழியில் சொன்னால், பெருக்கும் எண் எங்கும் மாறாமல் இருப்பது. 20 ஹெர்ட்ஸ் அதிர்விலும் 20,000 ஹெர்ட்ஸ் அதிர்விலும், முணுமுணுப்பிலும் முழக்கத்திலும் அதே எண். அது இடத்துக்கு இடம் மாறினால் அதற்குப் பெயர் திரிபு. குழாய்களோ டிரான்சிஸ்டர்களோ தாமாக இந்த ஒழுங்கைத் தருவதில்லை. பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரால்ட் பிளாக், 1927 ஆகஸ்ட் 2 அன்று வேலைக்குச் செல்லும் வழியில், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் கையிலிருந்த செய்தித்தாளின் மீதே வரைந்த சுற்று இதற்கு வழி காட்டியது. வெளியேறும் சமிக்ஞையின் ஒரு பங்கைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே அனுப்பினால், பெருக்கம் குறையும். அதோடு திரிபும் குறையும். தமிழில் இது 'எதிர்ப் பின்னூட்டம்'. பெருக்கி தேவைக்கு மேல் பெருக்கத்தை உண்டாக்கி, அதில் பெரும்பகுதியைத் துறந்து, மெய்ம்மையை வாங்கிக்கொள்கிறது. எளிய விலையில் நல்ல பெருக்கி கிடைப்பதற்கு இந்தக் கண்டுபிடிப்பைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

'ஸ்டீரியோ' என்றால் இரண்டு என்று எண்ணுகிறவர்கள் நிறைய. கிரேக்கத்தில் 'ஸ்டெரியோஸ்' என்றால் கெட்டியானது, திண்மமானது. 'கொலஸ்ட்ரால்' என்ற சொல்லுக்குள்ளும் இதே வேர்தான் ஒளிந்திருக்கிறது. பித்தக் கற்களில் முதலில் கண்டதால் 'கெட்டிப்பட்ட பித்தம்' என்று அதற்குப் பெயர். ஒலியில் ஸ்டீரியோ என்பது, இசைக் கருவிகள் நம் முன்னே நீள அகலத்தோடு இடம்பிடித்து நிற்பதுபோல் கேட்பது. பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் பிளம்லைன் 1931இல் இதற்குக் காப்புரிமை கோரியபோது 'ஸ்டீரியோ' என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை; இரு காதுக்குரியது என்று பொருள்படும் 'பைனாரல்' என்றுதான் எழுதினார். வீடுகளுக்கான ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வர 1950களின் இறுதி ஆனது. வேரைப் பின்பற்றினால் 'திண்ம ஒலி', அமைப்பைப் பின்பற்றினால் 'இருதட ஒலி'. கேட்பவருக்கு முதலாவது சரி. பெட்டியின் மீது எழுத இரண்டாவதே பொருத்தம், ஏனென்றால் உள்ளே இருப்பவை இரண்டு தடங்கள்.

அந்த இரண்டு தடங்களிலும் ஒரே எண்ணால் பெருக்க வேண்டும். விலை குறைந்த பெருக்கி வழுக்கும் ஓரிடம் இது. இரு தடங்களுக்கும் பொதுவான வால்யூம் குமிழின் உள்ளே இரண்டு மின்தடைகள் ஒன்றாகச் சுழல்கின்றன. மலிவான குமிழில், தொடக்கச் சுற்றில் இவை ஒத்துப்போவதில்லை. இரவில் மெதுவாக வைத்துக் கேட்கும்போது பாடகர் நடுவிலிருந்து ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுவார். வாங்கும் முன் மிகக் குறைந்த ஒலியில் ஒரு தனிக்குரலை வைத்துக் கேட்டுப்பாருங்கள். கடையில் அலறவிட்டுக் காட்டுவதைவிட இது அதிகம் சொல்லும்.

விலை குறைந்த பெருக்கிகளுக்கு இடும் 'பட்ஜெட்' என்ற அடைமொழிக்கு மூலம் பழைய பிரெஞ்சில் சிறு தோல்பையைக் குறித்த சொல். 'வரவு செலவுத் திட்டம்' இங்கே உதவாது. 'சிக்கனப் பெருக்கி' என்றால் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது என்று நினைப்பார்கள். 'மலிவு' என்பது நிறைதல் என்ற பொருளுள்ள 'மலிதல்' என்ற வினையிலிருந்து வந்த கண்ணியமான சொல்தான், இன்று அதில் தரக்குறைவின் நிழல் விழுந்துவிட்டது. 'எளிய விலைப் பெருக்கி' என்று எழுதலாம். அந்தப் பெயருக்கு மரியாதை சேர்த்தது 1978இல் வந்த, என்ஏடி நிறுவனத்தின் 3020 என்ற பெருக்கி. எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்த அது, தடத்துக்கு 20 வாட் என்று மட்டுமே சொல்லிக்கொண்டது. இசையின் நொடிநேர முழக்கங்களுக்கு அதைவிட நிறையவே கொடுத்தது. தோற்றத்தில் மிக எளிமை. பணம் மின்வழங்கிக்கும் சுற்றுக்கும் போயிருந்தது. இன்றும் எளிய விலைப் பெருக்கியை எடைபோட இதுவே நல்ல அளவுகோல்.

20 வாட் போதுமா என்ற கேள்வி கட்டாயம் வரும். 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 20 வாட்டில் 100 டெசிபலைத் தொடும். வாட்டை இரட்டிப்பாக்கி 40 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இருமடங்கு உரக்கக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது 200 வாட். அதனால் 20க்கும் 40க்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஸ்பீக்கருக்குச் செலவிடுவதே நல்லது என்பேன். 'பிஎம்பிஓ' (நொடிநேர உச்சத் திறன்) என்று ஆயிரக்கணக்கில் அச்சிடும் வாட்டுகளைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். இப்படி ஊதிப்பெருத்த எண்களைத் தடுக்கத்தான் அமெரிக்காவில் 1974இல் பெருக்கிகளின் திறனை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று அரசு விதி கொண்டுவந்தது.

உறவுச் சொற்கள் சில. 'பிரீ ஆம்ப்' முன்பெருக்கி, 'பவர் ஆம்ப்' திறன்பெருக்கி. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் 'இன்டக்ரேட்டட் ஆம்ப்'. அதற்கு 'ஒருங்கிணைந்த பெருக்கி' என்கிறார்கள், 'முழுப்பெருக்கி' என்றால் இன்னும் சுருக்கம். எளிய விலையில் விற்பவை அநேகமாக எல்லாம் இவ்வகைதான்.

அப்புறம், அண்மைக்காலச் சிறிய பெட்டிகளில் 'கிளாஸ் டி' என்று எழுதியிருக்கும். அந்த 'டி'யை டிஜிட்டல் என்று பலர் மொழிபெயர்த்துவிடுகிறார்கள். ஏ, பி, சி என்று வகைகளுக்கு வரிசையாக எழுத்திட்டுக்கொண்டே வந்தார்கள், அடுத்து வந்த எழுத்து டி. அவ்வளவுதான். அதன் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல லட்சம் முறை முழுவதும் திறந்தும் முழுவதும் மூடியும் இயங்குவதால் வெப்பமாக வீணாவது குறைவு, பெட்டியும் சிறிது. ஆனால் இப்படித் திறந்து மூடுவதால் உண்டாகும் மின் துடிப்புகளின் அகலம் எண்களாக உடையாமல் இசையைத் தொடர்ந்து பின்பற்றலாம், அதனால் டிஜிட்டலாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'டி வகுப்புப் பெருக்கி' என்று எழுதினால் போதும்.