என்-5 கடிதத்தை லாச்சிக்குள் போட்டுவிடாதீர்கள்

கனடாவின் ஸ்காபரோ மாடிக் கட்டடங்களில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள், வீட்டை விட்டு வெளியேறச் சொல்லும் மனேஜரின் கடிதத்தைக் கண்டதும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் அன்றைக்கே சாமான் கட்டத் தொடங்குகிறார்கள். மற்றவர்கள் மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, கோயிலுக்கு ஒரு நேர்த்தி வைத்துவிட்டு இருந்துவிடுகிறார்கள். இரண்டுமே பிழை.

ஒன்ராறியோவில் உங்களை வீட்டிலிருந்து எழுப்பும் அதிகாரம் மனேஜருக்கு இல்லை. 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி முதலில் நோட்டீஸ், அப்புறம் வாடகை வழக்குகளை விசாரிக்கும் லேண்ட்லோர்ட் அன்ட் டெனன்ட் போர்ட்டில் விண்ணப்பம், விசாரணை, உத்தரவு. அதற்கும் பிறகுதான், அந்த உத்தரவை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரிப். அவர் வராமல் யாரும் உங்கள் பூட்டை மாற்ற முடியாது. சட்டக் கதை இவ்வளவு போதும்.

சத்தம், சேதம், வீட்டில் ஆட்கள் கூட என்று வரும் நோட்டீஸ் படிவம்தான் என்-5. இதில் பார்க்கவேண்டியது தடித்த எழுத்தில் இருக்கும் திகதியை அல்ல, ஏழு நாளை. முதல் என்-5 கிடைத்து ஏழு நாளுக்குள் சொன்ன பிரச்சினையை நிறுத்தினால், அல்லது சேதத்தைத் திருத்தினால், அந்த நோட்டீஸ் செத்துவிடும். ஆனால் முதல் நோட்டீஸ் தந்து ஆறு மாதம் முடிய முன் இன்னொரு பிரச்சினை என்று இரண்டாவது என்-5 வந்தால், திருத்துவதற்கு அவகாசமே கிடையாது. பதினாலு நாள் நோட்டீஸ், நேரே போர்ட். லாச்சிக்குள் போன முதல் கடிதம் அப்போதுதான் வெளியே வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு ஐயாவுக்கு, பேரன் ஓடித்திரிவது கீழ்வீட்டுக்குக் கேட்கிறது என்று நோட்டீஸ் வந்தது. அவர் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பரிடம் போனார். "எனக்குத் தெரியாது, ஒபிசில் கேளுங்கோ" என்றார் சூப்பர். ஒபிசில் இருந்த பிள்ளை, மனேஜர் வியாழக்கிழமைதான் வருவார் என்றது. வியாழக்கிழமை மனேஜர் சிரித்துக்கொண்டே, "ஒண்டும் இல்லை அங்கிள், கவலைப்படாதேங்கோ" என்றார். நாலு மாதத்தில் இரண்டாவது நோட்டீஸ். விசாரணையில் அந்தச் சிரிப்பை எங்கே காட்டுவது?

அதனால் வாயால் கதைத்தது கதைத்ததே இல்லை என்று வையுங்கள். ஏழு நாளுக்குள் ஈமெயில் போடுங்கள். நோட்டீஸ் எந்த நாள் கிடைத்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் (கம்பளம் போட்டது, குழாயைத் திருத்திய பில்) என்று நாலு வரி போதும். நடக்காததற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். பணிவாக இருக்கட்டும் என்று நம்மவர்கள் எழுதும் 'இனி இப்படி நடக்காது' என்ற வரியைத்தான் அவர்கள் போர்ட்டில் வாசித்துக் காட்டுவார்கள். நடக்கவில்லை என்றால் 'இது நடக்கவில்லை' என்றே எழுதுங்கள். நோட்டீசில் நாள், நேரம், என்ன நடந்தது என்ற விபரம் இருக்கவேண்டும். 'அடிக்கடி சத்தம்' என்று மட்டும் இருந்தால், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுதிக் கேளுங்கள். விபரம் இல்லாத நோட்டீஸ் செல்லாது என்று, போர்ட்டின் முடிவுகள் மீதான அப்பீலைக் கேட்கும் டிவிஷனல் கோர்ட் 2002இலேயே சொல்லிவிட்டது.

கதவில் ஒட்டினால் செல்லாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். நீங்கள் வாசித்தது நிரூபணமானால் போர்ட் ஏற்றுக்கொள்ளும்.

அடுத்த பொறி இன்னும் மோசமானது. ஒபிசுக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணி தராத குறையாகக் கதைத்து, "இதில் ஒரு சைன் வையுங்கோ, போர்ட் அலைச்சல் இல்லை" என்று ஒரு பேப்பர் நீட்டுவார்கள். மேல் மூலையில் என்-11 என்று இருந்தால் பேனையை மூடுங்கள். அது நீங்களாகவே வெளியேறச் சம்மதிக்கும் ஒப்பந்தம். என்-5 கொடுத்தவர் நிரூபிக்கவேண்டும், என்-11 வாங்கியவருக்கு அந்த வேலையே இல்லை.

வருமானத்துக்கேற்ற வாடகை வீடுகளில் கதை வேறு. வருமானத்தைக் காட்டும் வருடாந்தப் படிவம் தவறினாலோ மகனின் வேலையைச் சொல்லாமல் விட்டாலோ சலுகை போய் முழு வாடகை ஏறும். அப்புறம் வாடகை பாக்கிக்கு என்-4 வரும். போர்ட்டில் போய்ச் சலுகையைப் பற்றி அழுதால், அது எங்கள் வேலை இல்லை என்பார்கள். சட்டமும் அப்படித்தான். சலுகையை வெட்டிய கடிதம் வந்த உடனேயே, அதைத் தந்த இடத்தில் மறுபரிசீலனை கேளுங்கள். அந்தக் கடிதத்தில் இருக்கும் கெடு சின்னது.

விசாரணை அழைப்பு வந்தால் போகாமல் விடவே வேண்டாம். போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே உத்தரவு வரும். போனால், குற்றம் உண்மையாக இருந்தாலும் உங்கள் சூழ்நிலையைப் பார்த்து வெளியேற்றத்தை மறுக்கவோ தள்ளிப்போடவோ போர்ட்டுக்கு அதே சட்டத்தின் 83ஆம் பிரிவில் இடம் உண்டு. உங்களை எழுப்பப் பார்ப்பதற்குப் பிள்ளைகள் இருப்பதுதான் காரணம், வீட்டில் நெரிசலும் இல்லை என்றால் மறுத்தே ஆகவேண்டும். நீங்கள் திருத்தவேலை கேட்டு முறைப்பாடு செய்ததுதான் காரணம் என்றாலும் அப்படியே.

விசாரணை பெரும்பாலும் வீடியோவில். வாடகைக்காரருக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை தரும் டியூட்டி கவுன்சல் அன்றைக்கு இருப்பார். ஆனால் ஐந்து நிமிடத்தில் அவரிடம் தமிழில் விளக்க முடியாது. நோட்டீஸ் வந்த கிழமையே உங்கள் பகுதியில் சட்ட உதவி தரும் சட்ட கிளினிக்குக்கு அழைத்து, தமிழ் பேசுபவர் வேண்டும் என்று கேளுங்கள். போகும்போது கடித உறையையும் கொண்டுபோங்கள். கிடைத்த திகதியை அதன்மேல் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.