டியூனிங் என்றால் இசைவித்தல்

காரில் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்), ஸ்பீக்கர், சப்வூஃபர் (அடித்தொனிக்கான ஸ்பீக்கர்) எல்லாம் மாட்டி முடித்ததும் "இனி டியூனிங்தான் பாக்கி" என்பார்கள். பாஸை, அதாவது அடித்தொனியை, கூட்டி விடுவதுதான் டியூனிங் என்று நினைப்பவர்கள் நிறைய, அதனால் சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் டியூன் என்பது டோன் என்ற சொல்லின் இன்னொரு வடிவம். பிரெஞ்சு, லத்தீன் வழியாகப் பின்னோக்கிப் போனால் கிரேக்க 'டோனோஸ்' வரும். இழுத்துக் கட்டுதல், விறைப்பு என்று பொருள். நரம்பை முறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும் என்பதால் கருவியைச் சரிப்படுத்தும் வேலைக்கு அந்தப் பெயர் வந்து, அப்புறம் ரேடியோவில் நிலையம் பிடிப்பதற்கும், இன்ஜினுக்கும், கார் ஆடியோவுக்கும் ஒட்டிக்கொண்டது.

தமிழில் சட்டென்று 'சுருதி சேர்த்தல்' என்று எழுதத் தோன்றும். வீணைக்குச் சரி. காரில் எந்தச் சுரமும் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. பாட்டு பதிவான சுருதியிலேயேதான் வரும். மாறுவதெல்லாம் எந்த ஸ்பீக்கர் எந்த அதிர்வெண்களை எடுத்துக்கொள்கிறது, எவ்வளவு சத்தமாக, எந்த நேரத்தில் காதுக்கு வந்து சேர்கிறது என்பதுதான். தனித்தனி ஸ்பீக்கர்களை ஒன்றோடொன்று ஒத்துப்போக வைக்கும் வேலை இது. இசைதல் என்றால் உடன்படுதல், ஆகவே 'இசைவித்தல்' கச்சிதமாகப் பொருந்துகிறது, பெயர்ச்சொல்லாக 'இசைவிப்பு'. சிலப்பதிகாரக் கானல்வரியில் யாழ் நரம்பைப் பண்ணுக்கு ஏற்ப அமைப்பதற்குப் 'பண்ணல்' என்றே சொல் உண்டு. அழகான சொல்தான், ஆனால் இன்று 'கார் ஆடியோ பண்ணல்' என்றால் எதைப் பண்ணுவது என்று கேட்பார்கள்.

வேலையைப் பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும். முதலில் கெயின்: இது வால்யூம் திருகு அல்ல, பிளேயர் அனுப்பும் மின்னழுத்தத்துக்கு ஆம்பைப் பொருத்துவது, அளவுக்கு மீறித் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். அடுத்தது கிராஸ்ஓவர், அதாவது அதிர்வெண்களைப் பங்கிடும் எல்லை, பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸ் அருகே வைத்துத் தொடங்கி, அதற்குக் கீழே சப்வூஃபர், மேலே கதவு ஸ்பீக்கர் என்று பிரித்துக் கொடுப்பார்கள்.

இசைவித்தல் என்ற சொல் முழுதாகப் பொருள்படுவது நேரத் தாமதத்தில்தான். ஓட்டுநருக்கு ஒரு ஸ்பீக்கர் 90 செ.மீ. தூரத்திலும் மற்றது 150 செ.மீ. தூரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலி ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 செ.மீ. போகும், ஆக அந்த 60 செ.மீ. வித்தியாசத்துக்கு, கிட்ட இருக்கும் ஸ்பீக்கரை ஏறத்தாழ 1.75 மில்லிவினாடி தாமதப்படுத்த வேண்டும். அப்படிச் செய்ததும் ஓட்டுநருக்குக் கிட்ட இருக்கும் கதவிலேயே ஒட்டிக்கொண்டிருந்த பாடகர் குரல் டாஷ்போர்டின் நடுவுக்கு நகர்ந்துவிடும். இந்தக் கணக்கு ஒரே ஓர் இருக்கைக்குத்தான். பக்கத்தில் உட்காருபவருக்கு இது பொருந்தாது, சீட்டை முன்னே பின்னே தள்ளினாலும் கொஞ்சம் மாறும்.

ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் கடைசியில்தான். அதிலும் துருத்திக்கொண்டு கேட்கும் அதிர்வெண்ணைக் குறைத்துப் பாருங்கள், கூட்டுவதை அப்புறம் யோசிக்கலாம்.