எல்.இ.டி. விளக்கைப் போட்டதும் ட்ரிப் ஆகிறதா? நியூட்ரலைப் பாருங்கள்

சமையலறையைப் புதுப்பித்து எல்.இ.டி. விளக்குகள் பொருத்திய சில நாட்களிலேயே, "லைட்டைப் போட்டால் வீட்டில் கரண்ட் போய்விடுகிறது" என்று என்னை அழைப்பவர்கள் பலர். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, ட்ரிப் ஆகி, அதாவது தானாகவே அணைந்து, கீழே விழுந்தது எம்.சி.பி.யா, ஆர்.சி.சி.பி.யா என்பதுதான்; இரண்டுமே வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சுகள். டி.பி. பெட்டியில் (வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பல லைன்களாகப் பிரிக்கும் பெட்டி) டெஸ்ட் பொத்தானுடன் அகலமாக இருப்பது ஆர்.சி.சி.பி.; ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால் அது விழும். எம்.சி.பி. விழுந்தால் ஓவர்லோடு அல்லது ஷார்ட் என்று பொருள். ஆனால் 12 வாட் விளக்குகள் எட்டுப் போட்டாலும் மொத்தம் 96 வாட்தான். அவை ஒரு ஆம்பியரைக்கூட எட்டுவது அரிது என்பதால் ஓவர்லோடு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

அண்மையில் நான் பார்த்த ஒரு வீட்டில், மிக்சி மேடைக்கு மேலுள்ள கப்போர்டின் அடியில் 60 வாட் ஸ்ட்ரிப் விளக்கைப் பொருத்தியிருந்தார்கள். அதன் சுவிட்சைப் போட்ட நொடியே ஆர்.சி.சி.பி. விழுந்தது. முன்பு வந்தவர் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (அந்த அளவு வித்தியாசத்துக்குள்ளேயே விழுவது) பழுது என்று சொல்லிப் புதியது மாற்றி, அதுவும் விழவே 100 மில்லி ஆம்பியர் ஒன்றைப் போட்டுப் பார்த்து, கடைசியில் அதைக் கழற்றிவிடலாம் என்று ஆலோசனையும் சொல்லிச் சென்றிருந்தார். நான் ஆர்.சி.சி.பி.யை இறக்கிவிட்டு, ஸ்ட்ரிப் சுவிட்சை மட்டும் ஆன் செய்து, மிக்சி பிளக்கின் நியூட்ரல் துளையில் டெஸ்டரை வைத்தேன். செத்திருக்க வேண்டிய துளையில் டெஸ்டர் எரிந்தது.

விளக்குக்கான ஃபேஸை இன்வெர்ட்டர் லைனில் இருந்து எடுத்தவர்கள், நியூட்ரலை அருகில் கிடைத்த மிக்சி பிளக்கில் இருந்து லூப் அடித்திருந்தார்கள். அந்த வீட்டில் இன்வெர்ட்டர் லைன் ஆர்.சி.சி.பி. வழியாக வருவதில்லை, பிளக் லைன் மட்டுமே வருகிறது. ஆகவே விளக்கின் 260 மில்லி ஆம்பியர், ஆர்.சி.சி.பி.யின் ஃபேஸ் வழியாகப் போகாமல் நியூட்ரல் வழியாக மட்டும் திரும்பியது. 30 என்ன, 100 என்ன, இரண்டும் விழுந்ததில் வியப்பில்லை. ட்ரிப் ஆவதைக் காட்டிலும் எனக்குக் கவலை தந்தது அந்த டெஸ்டர்தான்: பவர் ஆஃப் செய்துவிட்டோம் என்று நம்பி யாராவது அந்த பிளக்கைக் கழற்றியிருந்தால், நியூட்ரல் வயரே அவரைத் தாக்கியிருக்கும்.

அடுத்து அதிகம் பார்ப்பது, நியூட்ரல் எர்த்தைத் தொடும் பழுது. அலுமினிய சேனலை முடுக்கும் ஸ்க்ரூ வயரைக் குத்திவிடும். பால்ஸ் சீலிங்கில் விளக்கின் ஸ்பிரிங் கிளிப் வயரை நசுக்கிவிடும். இந்தப் பழுது விளக்கைப் போடும்போது வெளிப்படாமல், கிரைண்டரோ இண்டக்ஷன் அடுப்போ ஓடும்போது ட்ரிப் ஆவதாகத் தோன்றும். லோடு கூடும்போது நியூட்ரலின் ஒரு பங்கு எர்த் வழியாகப் பிரிந்து போவதே காரணம். ஃபேஸை மட்டும் துண்டிக்கும் ஒற்றை போல் எம்.சி.பி.யும் சாதாரண சுவிட்சும் நியூட்ரலைத் துண்டிப்பதில்லை என்பதால், அந்த விளக்கின் எம்.சி.பி.யை இறக்கி வைத்தாலும் பழுது லைனிலேயே இருக்கும். பாவம், பழி கிரைண்டர் மேல் விழுகிறது.

விழுவது எம்.சி.பி.யாக இருந்தால் ஷார்ட் இல்லை என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். பிறகும் ஸ்விட்ச் போடும் நொடியில் மட்டும் விழுமானால், டிரைவர்களின் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பாகம்) கெப்பாசிட்டர்கள் ஒரே கணத்தில் இழுக்கும் மின்னோட்டத்தைச் சந்தேகிக்கலாம். 6 ஆம்பியர் பி வகை எம்.சி.பி. 18 முதல் 30 ஆம்பியருக்குள் உடனே விழக்கூடியது. விளக்குகளை இரண்டு சுவிட்சாகப் பிரிப்பது அல்லது அதே 6 ஆம்பியரில், நொடி நேர மின்னோட்டத்தை இன்னும் கூடுதலாகத் தாங்கும் சி வகையைப் போடுவது சரியான வழி. 1 சதுர மில்லிமீட்டர் வயர் ஓடும் விளக்கு லைனுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. போடுவது, வயர் சூடாகி எரிய அனுமதி தருவதாகும்.

மெகர் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துச் சோதிப்பவர்கள், டிரைவர்களைக் கழற்றிய பிறகே 500 வோல்ட் கொடுக்க வேண்டும். கழற்ற இயலாத இடத்தில் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து எர்த்துடன் மட்டும் அளக்கலாம். இதை மறந்து புது டிரைவர்களைப் பொசுக்கியவர்களை நான் அறிவேன் (தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அவர்களில் ஒருவன்).

அந்த வீட்டில் ஸ்ட்ரிப்பின் நியூட்ரலை மிக்சி பிளக்கில் இருந்து எடுத்துவிட்டு, இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை சுவிட்ச் பெட்டியில் இருந்து புதிதாக இழுத்தோம். வயர் நான்கு மீட்டர்கூட ஆகவில்லை. பழுதென்று ஒதுக்கிய 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யையே திரும்ப மாட்டி, டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்தபோது அது ஒழுங்காக விழுந்தது.