இன்ஜினும் ஐம்பது பேரும் மூச்சு விட்ட குழாய்

ஒரு லிட்டர் டீசல் முழுவதுமாக எரிய ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்று வேண்டும். சின்ன அறை ஒன்று கொள்ளும் காற்று அது. சாலையில் ஓடும் லாரிக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை, வேண்டிய அளவு உறிஞ்சிக்கொள்ளும். கடலுக்கு அடியில் இரும்பு உருளைக்குள் அடைபட்டிருக்கும் நீர்மூழ்கிக்கு இது பெரிய சிக்கல். இரண்டாம் உலகப்போரின் கடைசி இரண்டு ஆண்டுகளில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியதன் விளைவுதான் ஸ்நோர்கெல் என்ற காற்றுக் குழாய்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். அந்தக் காலத்து நீர்மூழ்கி பெரும்பாலான நேரம் நீருக்கு மேலேதான் ஓடியது. ஜெர்மனி 500க்கும் மேல் கட்டிய ஏழு-சி வகையை எடுத்துக்கொள்வோம். நீளம் 67 மீட்டர், உள்ளே ஐம்பது பேர் வரை. மேற்பரப்பில் இரண்டு டீசல் இன்ஜின்களோடு மணிக்கு 17 கடல் மைல் வேகத்தில் பாயும். மூழ்கிய பிறகு டீசலை ஓட்ட முடியாது, பேட்டரியில் ஓடும் மின் மோட்டார்தான் கதி. அதில் உச்ச வேகமே ஏழரை கடல் மைல் சொச்சம். மணிக்கு 4 கடல் மைல் என்று சிக்கனமாக நகர்ந்தால் 80 கடல் மைல் போகலாம். அப்புறம் பேட்டரி காலி. எப்படியும் மேலே வந்து டீசலை ஓட்டி சார்ஜ் ஏற்றியாக வேண்டும். அதற்கு இரவு இருந்தது. இருட்டில் மிதந்துகொண்டே சார்ஜ் ஏற்றிவிட்டு விடிவதற்குள் மூழ்கிவிடலாம்.

அந்த இரவைத்தான் நேச நாடுகள் பறித்துக்கொண்டன. 1942 நடுவில் பிரிட்டிஷ் விமானங்களில் சக்திவாய்ந்த தேடொளி விளக்குகள் வந்தன. 1943இல் 10 சென்டிமீட்டர் அலைநீள ரேடார் வந்தது. ஜெர்மன் கப்பல்களில் இருந்த எச்சரிக்கைக் கருவிகளுக்கு அந்த அலைநீளம் கேட்கவே கேட்காது. இருட்டில் நிம்மதியாக சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும் கப்பலின் மேல் திடீரென்று வெளிச்சம் பாயும், அடுத்த நொடி குண்டு விழும். 1943 மே மாதத்தில் மட்டும் 41 நீர்மூழ்கிகள் அழிந்தன. ஜெர்மன் கடற்படைத் தளபதி கார்ல் டோனிட்ஸின் இளைய மகனும் அந்த மாதம் மூழ்கிய ஒரு கப்பலில்தான் இருந்தார். மே 24 அன்று டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தன் படையைப் பின்வாங்கச் சொன்னார்.

இனி மேலே வராமல் டீசலை ஓட்ட வழி வேண்டும். அந்த வழி ஜெர்மானியர் கையில் மூன்று ஆண்டுகளாகச் சும்மா கிடந்தது என்பதுதான் வேடிக்கை. இத்தாலியப் பொறியாளர் பெரிக்ளே ஃபெரெட்டி 1920களிலேயே காற்றுக் குழாயைச் சோதித்துப் பார்த்திருந்தார். டச்சுக் கடற்படை அதிகாரி விக்கெர்ஸ் உருவாக்கிய குழாய், 1939இல் பணியில் சேர்ந்த ஓ-19, ஓ-20 என்ற டச்சு நீர்மூழ்கிகளில் பொருத்தப்பட்டது. 1940 மே மாதம் ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்தபோது, கட்டிமுடிக்காத சில கப்பல்கள் குழாயோடு சேர்ந்தே அகப்பட்டன. ஜெர்மானியர் அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள். தப்பிப்போய் பிரிட்டனில் சேர்ந்த டச்சுக் கப்பல்களிலிருந்து பிரிட்டிஷாரும் கழற்றினார்கள். அன்றைக்கு இரவில் மேலே வருவது யாருக்கும் ஆபத்தாகத் தெரியவில்லை. பிறகு எதற்கு, கடல்நீர் உள்ளே புகக்கூடிய இன்னொரு ஓட்டை?

1943 மார்ச்சில் ஹெல்முட் வால்டர் என்ற பொறியாளர் இந்த யோசனையை டோனிட்ஸிடம் மறுபடி எடுத்துச் சென்றார். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓடும், காற்றே தேவைப்படாத நீர்மூழ்கிதான் வால்டரின் கனவுத் திட்டம். அது தயாராகக் காலம் பிடிக்கும், அதுவரை இருக்கிற கப்பல்களைக் காப்பாற்றக் குழாய் போதும் என்பது கணக்கு. அந்தக் கோடையில் பால்டிக் கடலில் யு-58 என்ற சிறிய கப்பலில் சோதனைகள் நடந்தன. பிறகு பழைய கப்பல்களில் ஒவ்வொன்றாகப் பொருத்தத் தொடங்கினார்கள்.

ஏழு-சி வகையில் குழாய் மேல்தளத்தின் இடப்பக்கம் ஒரு பள்ளத்தில் படுத்திருக்கும். வேண்டும்போது கீலில் சுழன்று எழுந்து கோபுரத்தை ஒட்டி நிற்கும். அடிப்பகுதி ஒரு நிலையான குழாயோடு பொருந்தி, காற்றை இன்ஜின் அறைக்குக் கொண்டுபோகும். உண்மையில் அது ஒன்றாகச் சேர்ந்த இரண்டு குழாய்கள். ஒன்றில் காற்று உள்ளே வரும், மற்றதில் புகை வெளியே போகும். புகைக்குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழேயே முடிந்துவிடும். புகை நீரில் குமிழியிட்டு வெளியேறினால் தூரத்திலிருந்து எளிதில் தெரியாது. காற்றுக் குழாயின் தலை மட்டும் அலைக்கு மேலே எட்டிப் பார்க்கும்.

தலையில் ஒரு மிதவை வால்வு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் நீர் ஏறினால் பந்து மேலே வந்து குழாயை அடைக்கிறதே, அதே தத்துவம். அலை தலைமேல் ஏறினால் மிதவை எழும்பி வாயை மூடும், அலை இறங்கினால் மிதவை விழுந்து வாய் திறக்கும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். கடல் நீரை வெளியே நிறுத்துகிற வேலையை அது பெரும்பாலும் நன்றாகவே செய்தது.

தொல்லை வால்வு மூடிய பிறகு ஆரம்பிக்கும். வெளிக்காற்று நின்றுவிட்டது என்பது இன்ஜினுக்குத் தெரியாது. அது கப்பலின் உட்புறக் காற்றை உறிஞ்சத் தொடங்கும். தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மிதமான வேகத்தில் ஓடும் அப்படிப்பட்ட ஓர் இன்ஜின் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் டீசல் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். டீசல் இன்ஜின்கள் எரிவதற்குத் தேவையானதைவிடக் கூடுதலாகவே காற்றை இழுக்கும் என்பதால், நிமிடத்துக்கு 20 கன மீட்டர் காற்று போகும். ஆட்களும் இயந்திரங்களும் போக உள்ளே மிஞ்சும் காற்று சில நூறு கன மீட்டர்தான். அதை 400 என்று கொண்டால், ஒரே நிமிடத்தில் காற்றழுத்தம் 5 சதவீதம் சரிந்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் நானூறு மீட்டர் உயர மலைக்குத் தூக்கிப்போனால் எப்படி இருக்குமோ, உடம்புக்கு அப்படி.

சரிவைவிட மோசம் மீட்சி. நடுக்காதில் அடைபட்டிருக்கும் காற்று, வெளியே அழுத்தம் குறையும்போது தொண்டைக்குப் போகும் மெல்லிய குழல் வழியே தானாகவே கசிந்து வெளியேறிவிடும். திரும்பி உள்ளே போவதுதான் கடினம். அந்தக் குழலின் தொண்டைப்பக்க வாய் ஒட்டிக்கொள்ளும், எச்சிலை விழுங்கினால்தான் திறக்கும். அலை இறங்கி வால்வு சட்டென்று திறக்கும்போது கப்பலுக்குள் காற்று பாய்ந்து வரும், செவிப்பறை உள்நோக்கி இழுபடும். விழித்திருப்பவன் விழுங்கிச் சமாளிப்பான். அடுக்குக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பவன் வலியில் அலறி எழுவான். கொந்தளிக்கும் கடலில் இது இரவு முழுக்க, அலைக்கு அலை நடக்கும். செவிப்பறை கிழிந்தவர்களும் உண்டு.

இதையெல்லாம் குறைக்க ஒரே வழி, கப்பலின் ஆழத்தை மாறாமல் பிடித்துக்கொள்வது. குழாயின் தலை நீருக்கு மேலே கொஞ்சம்தான் நிற்கிறது. எழுநூறு, எண்ணூறு டன் எடையுள்ள கப்பலை ஒரு மீட்டர்கூடத் தவறாமல் அதே ஆழத்தில் ஓட்ட வேண்டும். கப்பலை மேலும் கீழும் திருப்பும் கிடைச்சுக்கானைப் பிடிப்பவரின் கை கொஞ்சம் அசந்தாலும் தலை மூழ்கும்.

தலை மூழ்குவது மட்டும் என்றால் பரவாயில்லை. கப்பல் ஆழமாக இறங்க இறங்கப் புகைக்குழாயின் வாயில் நீரின் அழுத்தம் ஏறும். ஒவ்வொரு மீட்டருக்கும் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. ஒருபக்கம் காற்று போதாமல் திணறும் இன்ஜின், இன்னொரு பக்கம் அந்த நீரைத் தள்ளிப் புகையை வெளியேற்ற வேண்டும். தள்ள முடியாமல் போனால் புகை இணைப்புகள் வழியே உள்ளே கசியும். காற்றுக் குறைவாக எரிந்த டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, வாந்தி, மயக்கம் என்று ஆட்கள் விழத் தொடங்கிய பிறகுதான் விஷயம் தெரியும். உடனே மேலே எழும்பிக் கதவைத் திறக்கலாம் என்றால், மேலே விமானம் காத்திருக்கலாம்.

அதனால் ஸ்நோர்கெல் போடுவது பெரிய சடங்காகவே இருந்தது. முதலில் மின் மோட்டாரில் பெரிஸ்கோப் ஆழத்துக்கு வந்து, நீரொலிக் கருவியில் காது கொடுத்துக் கேட்பார்கள். பெரிஸ்கோப்பைச் சுழற்றிப் பார்ப்பார்கள். குழாயை நிமிர்த்தி, அதில் தேங்கிய நீரை வடிப்பார்கள். பிறகுதான் டீசல். ஓர் இன்ஜின் கப்பலை நகர்த்தினால் மற்றது பேட்டரியை ஏற்றும். இன்ஜின் இரைச்சலில் நீரொலிக் கருவி செவிடாகிவிடும் என்பதால் அவ்வப்போது எல்லாவற்றையும் நிறுத்திக் கேட்டுவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். வேகமும் மணிக்கு 6 கடல் மைல் வரைதான். அதற்கு மேல் போனால் குழாய் அதிரத் தொடங்கும், பெரிஸ்கோப்பில் எதையும் பார்க்க முடியாது.

இப்படி ஓர் இரவுக்குச் சில மணி நேரம். மிச்சப் பொழுதெல்லாம் ஆழத்தில் மெல்ல ஊர்ந்துகொண்டு, மூச்சையும் அசைவையும் மிச்சம் பிடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். முன்பு மேலே வரும்போது குப்பையைக் கடலில் கொட்டுவார்கள். இப்போது அது முடியாது. மீந்த உணவும் அழுகிய காய்கறியும் உள்ளேயே நாறும். டார்பிடோ குழாயில் அடைத்து வெளியே தள்ளியவர்களும் உண்டு. வாரக்கணக்கில் வானத்தையே பார்க்காததால் நட்சத்திரத்தை வைத்து இடம் கணிக்கவும் வழியில்லை.

இத்தனை வதைக்கும் பலன் கிடைத்ததா? உயிர் பிழைப்பதில் கிடைத்தது. குழாயோடு போருக்குப் போன முதல் கப்பல்களில் ஒன்றான யு-264க்கு அதிர்ஷ்டம் இல்லை. 1944 பிப்ரவரி 5 அன்று பிரான்சின் செயின்ட் நஸேரிலிருந்து கிளம்பியது, பிப்ரவரி 19 அன்று பிரிட்டிஷ் கப்பல்களின் ஆழ்வெடிகளில் மூழ்கியது. 52 பேரும் காப்பாற்றப்பட்டார்கள், ஆக ஸ்நோர்கெல் பற்றிப் பேசக்கூடிய 52 பேர் எதிரியின் கையில். ஆனால் அந்த ஜூனில் நார்மண்டித் தரையிறக்கம் நடந்த பிறகு ஆங்கிலக் கால்வாய்க்குள் குழாய் இல்லாத கப்பலை அனுப்புவது தற்கொலைக்குச் சமம் என்று டோனிட்ஸே உணர்ந்துவிட்டார். குழாய் உள்ளவை நுழைந்தன. சில திரும்பியும் வந்தன.

யு-482 இதற்கு நல்ல உதாரணம். 1944 ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 8 வரை, அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலான கடல்வழியில், பிரிட்டனின் வாசற்படியிலேயே ஐந்து கப்பல்களை மூழ்கடித்தது. அந்தப் பயணத்தின் சுமார் 2,700 கடல் மைலில் பத்தில் ஒரு பங்குகூட நீருக்கு மேலே இல்லை. அந்த டிசம்பர் 24 அன்று யு-486, ஷெர்பூர் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்த லியோபோல்ட்வில் என்ற கப்பலைத் தாக்கியதில் 750க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

விமான ரேடாருக்குக் குழாயின் தலை மிகச் சின்ன இலக்கு. அலை எழும்பினால் அலையின் எதிரொலியில் அது கலந்துவிடும். போதாததற்கு ரேடார் அலையை விழுங்கும் ரப்பர் உறையையும் தலைமேல் ஒட்டினார்கள். அமைதியான கடலில் நீருக்கு மேல் தவழும் மெல்லிய புகையும், பின்னால் இழுபடும் வெள்ளைக் கோடும்தான் விமானிகளுக்குத் துப்பு.

ஆனால் ஒளிந்திருப்பதற்குக் கொடுத்த விலை வேகம். மேற்பரப்பில் 17 கடல் மைலில் ஓடி, வானொலியில் பேசிக் கூட்டம் சேர்த்து, கப்பல் வரிசையைச் சுற்றி வளைக்கும் பழைய உத்தி செத்துவிட்டது. 6 கடல் மைலில் எந்தக் கப்பல் வரிசையையும் துரத்த முடியாது. தானாக எதிரே வருவதற்குக் காத்திருக்கலாம், அவ்வளவுதான். ஸ்நோர்கெல் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் ஆயுளை நீட்டியது, போரின் போக்கை மாற்றவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இரைச்சலும் ஆளைக் காட்டிக்கொடுத்தது. 1945 பிப்ரவரி 9 அன்று, ஜப்பானுக்காக 67 டன் பாதரசம் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்த யு-864, இன்ஜின் கோளாறால் நார்வேயின் பெர்கனை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் நீர்மூழ்கியான வென்ச்சுரர் அதன் ஓசையைக் கேட்டே பின்தொடர்ந்து, டார்பிடோக்களை வெவ்வேறு ஆழங்களில் ஏவி அதை உடைத்தது. 73 பேரும் இறந்தார்கள். இரண்டுமே மூழ்கியிருந்த நிலையில் ஒரு நீர்மூழ்கி இன்னொன்றை அழித்ததாகப் பதிவான ஒரே சம்பவம் அது.

ஜெர்மனி கடைசியாகக் கட்டிய இருபத்தொன்றாம் வகைக் கப்பலில் குழாய் நேராக மேலெழும்பும்படி அமைத்தார்கள். ஆனால் அங்கும் காற்றுச் சிக்கல் விடவில்லை. இன்ஜினின் சக்தியைக் கூட்டுவதற்காக வைத்த காற்றழுத்தக் கருவி, ஸ்நோர்கெல் ஓட்டத்தில் புகைக்குழாயின் எதிரழுத்தத்தோடு ஒத்துப்போகவில்லை. அதைக் கைவிட வேண்டியதாயிற்று, 2,000 குதிரைத்திறன் தர வேண்டிய இன்ஜின் 1,200 தான் தந்தது. அந்த வகையில் போர் ரோந்துக்குக் கிளம்பியவை இரண்டே கப்பல்கள்.

போருக்குப் பிறகு அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் என எல்லோரும் இந்தக் குழாயை எடுத்துக்கொண்டார்கள். இந்தியக் கடற்படையின் கல்வரி வகை உட்பட, இன்றைய டீசல் நீர்மூழ்கிகளும் பேட்டரி ஏற்ற இதையே நீட்டுகின்றன. அமெரிக்கர்கள் மிதவையை விட்டுவிட்டு, நீர் பட்டதும் உணரும் மின்முனைகளைத் தலையில் வைத்து, அழுத்தக் காற்றால் வால்வை மூடும் முறைக்கு மாறினார்கள். உள்ளே அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் இன்ஜினைத் தானாக நிறுத்தும் கருவியும் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 2003இல் சீனாவின் 361 எண் நீர்மூழ்கியில் 70 பேரும் இறந்துபோனார்கள். சீன அரசு இயந்திரக் கோளாறு என்று மட்டும் சொன்னது. காற்று வழி அடைபட்ட பிறகும் டீசல் ஓடிக்கொண்டே இருந்து உள்ளிருந்த காற்றைத் தீர்த்திருக்கும் என்பது வெளியே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.