தொங்கும் எஞ்சினின் எடை எங்கே செல்கிறது?

சிறிய கார்களில் உள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் 100 முதல் 150 கிலோ எடை கொண்டது. சங்கிலியில் தொங்கத் தொடங்கிய நொடியிலிருந்து அந்த எடை எந்தெந்தப் பாகங்களின் வழியாகத் தரையை அடைகிறது என்பதை, வீட்டிலேயே எஞ்சினைப் பொருத்த முனைபவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

எஞ்சினின் இரு முனைகளிலும் மாட்டிய சங்கிலி, நடுவில் எஞ்சினைத் தூக்கும் கிரேனின் கொக்கியில் சேர்கிறது. இரு கிளைகளும் செங்குத்தாகத் தொங்கினால், 150 கிலோ எஞ்சினில் ஒவ்வொரு கிளையும் 75 கிலோவைச் சுமக்கும். சாய்ந்த சங்கிலியிலோ இழுவிசையின் ஒரு பகுதியே மேல்நோக்கிச் செயல்படுகிறது. மற்றப் பகுதி இரு முனைகளையும் உள்நோக்கி இழுக்கிறது. கிடைமட்டத்திலிருந்து 60 பாகைச் சாய்வில் ஒரு கிளையின் சுமை சுமார் 87 கிலோ. 30 பாகையில் அது முழு 150 கிலோ. 15 பாகையில் ஏறத்தாழ 290 கிலோ! உயரம் போதவில்லை என்று சங்கிலியைக் குட்டையாகக் கட்டுபவர், எடையைக் கூட்டாமலேயே சுமையை நான்கு மடங்காக்குகிறார். அந்த இழுவை, சங்கிலியை மாட்டியிருக்கும் போல்ட்டையும் பக்கவாட்டில் வளைக்கும்.

கிரேனின் கையும் இதே போன்ற கணக்குக்கு உட்பட்டதுதான். கையை உள்ளிழுத்த நிலையில் 2 டன் தூக்கக்கூடிய பல கிரேன்கள், அதைக் கடைசித் துளைவரை நீட்டினால் அரை டன்னுக்கே உரியவை; ஏனெனில் சுமை விலகிச் செல்லச் செல்ல, கையை வளைக்கவும் கிரேனை முன்பக்கம் கவிழ்க்கவும் முயலும் திருப்புவிசை வளர்கிறது. உயரத்தில் தொங்கும் சுமையோடு கிரேனை உருட்டினால், சிறு கல் சக்கரத்தைத் தடுத்தாலும் எஞ்சின் ஊசலாடிக் கிரேனைச் சாய்த்துவிடலாம். ஆகவே எஞ்சினைத் தரையை ஒட்டித் தாழ்த்தியே நகர்த்தி, வண்டியருகே வந்த பிறகு உயர்த்துவது நல்லது. தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையோ காலோ எக்காரணத்தாலும் செல்லக்கூடாது. வண்டியைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தால், ஜாக்கியை நம்பாமல் உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கிக்குள் இருக்கும் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்தாலும் எண்ணெய் கசிந்து அது இறங்கிவிடும்.

கியர்பாக்ஸோடு எஞ்சினை இணைக்கும் கட்டத்தில்தான் பொறுமை அதிகம் தேவைப்படுகிறது. கியர்பாக்ஸின் தண்டு கிளட்ச் தட்டின் நடுத்துளைக்குள் நுழைய, தட்டு மையத்திலும் இரு பாகங்களின் முகங்கள் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருக்க வேண்டும். அவ்வாறு அமைந்தால் கடைசி இடைவெளி கையால் தள்ளினாலே மூடிக்கொள்ளும். மூடாத இடைவெளியைப் போல்ட்டை முறுக்கி இழுத்து மூடுவதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. அலுமினிய உறையில் போல்ட் நுழையும் காது உடையும், அல்லது தட்டு வளையும். ஆட்டோமேட்டிக் வண்டிகளில், கிளட்ச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் முழுமையாக உள்ளே அமராதபோது அதே முறுக்கல் கியர்பாக்ஸின் எண்ணெய்ப் பம்பை நொறுக்கிவிடும்.

எஞ்சினை வண்டியில் தாங்கி நிற்கும் மவுண்ட்டுகளின் போல்ட்டுகள் அனைத்தையும் முதலில் தளர்வாக நுழைத்து, எஞ்சின் தன் இயல்பான இடத்தில் அமர்ந்த பின்னரே இறுக்க வேண்டும். அந்த மவுண்ட்டுகளில் உள்ள ரப்பர் அதிர்வை மட்டுமன்றி மின்சாரத்தையும் தடுக்கிறது. எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் தடித்த எர்த் கேபிளை மாட்ட மறந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் மின்னோட்டம் ஆக்ஸிலேட்டர் கம்பி போன்ற மெல்லிய வழிகளைத் தேடிச் சென்று அவற்றைச் சூடாக்கி உருக்கும். பேட்டரியின் எதிர்மின் முனையை முதலில் கழற்றி இறுதியில் மாட்டும் வழக்கம் தீப்பொறியைத் தவிர்க்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையை ஒட்டியே தேங்கி நிற்கும் என்பதையும் இதனோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

நெடுநாள் கிடந்த எஞ்சினின் பேரிங்குகளிலிருந்து எண்ணெய் வடிந்திருக்கும். எனவே எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்து, ஸ்டார்ட்டரால் மட்டும் சில விநாடிகள் வீதம் சுழற்றி, எண்ணெய் அழுத்த விளக்கு அணைந்த பிறகு, கதவுகள் திறந்த இடத்தில் முதல் முறை இயக்க வேண்டும்.